நிச்சயமாகவா
தூங்கி எழும்போதெல்லாம் அந்த ஏழு மாதக் குழந்தையின் தலை கவிழ்ந்து, கைகள் விரிந்து, உடம்பு வெடுக் வெடுக்கென்று மடங்கியது. “வலிப்பான்னு பாக்கணும், வீடியோ எடுத்துட்டு வாங்கம்மா” என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். இன்றும் கண் விழித்ததுமே ஆரம்பித்துவிட்டது. மேகலை பிள்ளையைத் தூக்கப்போன கையை இழுத்துக்கொண்டு போனை எடுத்தாள். இடமில்லை, எதையாவது அழி என்றது போன். அதில் இருந்ததே ஒரு வீடியோதான். இரண்டு மாதத்துக்கு முன் குழந்தை வாய்விட்டுச் சிரித்தபோது எடுத்தது. அதற்குப் பிறகு அது சிரிக்கவே இல்லை.

“அழிச்சுத் தொலைங்க அண்ணி!” பட்டன் போன் வைத்திருந்த நாத்தனார் பதறினாள். “மறுபடி சிரிக்கும்போது எடுத்துக்கிட்டாப் போச்சு.”

“சிரிக்கும்னு நீ எழுதித் தருவியா?”

குழந்தை மறுபடி மடங்கியது. மேகலை கட்டைவிரலை அழுத்தினாள். நிச்சயமாகவா என்று கேட்டது போன்.