படத்தில் இல்லாத அம்பு

வகுப்பறைச் சுவரில் ஒட்டிய படத்தில் மலையிலிருந்து ஆறு இறங்கி, ஒரு வீட்டைத் தாண்டிக் கடலில் சேர்கிறது. பசிபிக் கடலின் தட்டையான துவாலுத் தீவில் வாழும் இந்தப் பிள்ளைகள் மலையையும் கண்டதில்லை, ஆற்றையும் கண்டதில்லை. "கடல் ஆவியாகி மேல போகும், மழையாத் திரும்பி வரும்" என்று சுவேகா டீச்சர் அம்புக்குறிகளைத் தொட்டுக் காட்டுகிறாள். சன்னலுக்கு வெளியே, கண் கூசும் வெயிலில், பௌர்ணமிக் கடலேற்றத்தின் உப்புநீர் பவளமண்ணுக்குள்ளிருந்து குமிழ்குமிழாக ஊறி வருகிறது. கிழங்கு பயிரிடும் குழியோரம் ஒரு கோழி கால் மாற்றி மாற்றி நிற்கிறது. "மண்ணுக்குள்ள இருந்து வர்ற அந்தத் தண்ணிக்கு அம்பு எங்க டீச்சர்?" என்று கேட்கும் திலியாவுக்கு ஆறு வயது. சுவேகா படத்தை மேலும் கீழும் தேடுகிறாள். காணோம். பென்சிலை எடுத்துத் தரைக்கடியிலிருந்து தானே ஒரு கோடு இழுக்கிறாள். படத்து வீட்டின் வாசலில் கை தயங்கி நின்றுவிடுகிறது. "இன்னும் மேல போடுங்க டீச்சர்," என்கிறாள் திலியா, "எங்க வீட்டுக்குள்ள எனக்கு முட்டி வரைக்கும் வந்துச்சு."