முகம் காட்டாத காளியம்மா

காளியம்மா வேண்டுமென்றேதான் காரியத்தைக் கெடுத்தாள் என்பதில் ரபேல் கிராணிக்குச் சந்தேகமே இல்லை.

மலாயாவில் லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டம் அது; ரபேல் அங்கே கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. துரை சீமைக்கு லீவில் போகும்போது தன் சினிமாக் கேமராவையும், படம் காட்டும் மெஷினையும், படச்சுருளை வெட்டி ஒட்டும் சாமான்களையும் கிராணியிடம் விட்டுப் போயிருந்தார். தான் வருவதற்குள் ஒரு குட்டி நாடகக் காட்சி எடுத்து, வெட்டி ஒட்டப் பழகிக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

கிராணி கதையும் கட்டிவிட்டார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அண்ணன் ரயிலில் வந்து இறங்குகிறான். தங்கை லயத்து வீட்டிலிருந்து ஓடிப்போய் எதிர்கொள்கிறாள்.

அண்ணனாக வீரமுத்து. நிஜமாகவே சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்தான். தங்கையாக அவன் சொந்தத் தங்கை காளியம்மா. வீரமுத்துவின் மனைவி புஷ்பவள்ளிக்கு வாசலில் நின்று பார்க்கிற வேலை மட்டும். போன மழைக்காலத்தில் மரம் சாய்ந்து காலில் விழுந்ததிலிருந்து அவளால் கம்பு இல்லாமல் நடக்க முடியாது.

"அண்ணி நிக்கிறத இன்னிக்கு எடுக்கிறேன். நீ ஓடுறத நாளைக்கு. ரெண்டையும் ஒட்டினா ஒரே நேரத்துல நடந்தாப்பல இருக்கும்," என்று காளியம்மாவுக்கு விளக்கினார்.

"ஒட்டினது தெரியாதாங்க, ஐயா?"

"தெரியாது."

மறுநாள் காளியம்மா வந்து நின்ற கோலத்தைப் பார்த்துக் கிராணி தலையில் கை வைத்துக்கொண்டார். அண்ணி முந்தின நாள் கட்டியிருந்த அதே கட்டம் போட்ட சேலை. ரெண்டு பேரும் ஒரே சேலையில் வந்தால் பார்க்கிறவன் குழம்பமாட்டானா என்று சொல்லிப் பார்த்தார். அவள் மாற்றவில்லை.

நாத்தனார் புத்தி, அண்ணிக்கு இருக்கிற ஒரு நல்ல சேலையையும் பிடுங்கிக்கொண்டாள் என்று பக்கத்து வீட்டு வெள்ளையம்மா முணுமுணுத்தாள்.

ஓடுவதிலும் அழிச்சாட்டியம். கேமராவை எதிரே வைத்தால் முந்தானை முகத்தில் ஏறிவிடும். பின்னால் வைத்தால் பிய்த்துக்கொண்டு ஓடுவாள். கால்களை மட்டும் எடுத்தபோது ஒரு குறையும் இல்லை. கிராணி கெஞ்சினார், அதட்டினார். அதற்குள் சுருள் தீர்ந்துவிட்டது.

சிங்கப்பூரில் கழுவி வந்த சுருளோடு கிராணி மல்லுக்கட்டினார். முதல் ஒட்டில் ரயில் தலைகீழாக ஓடியது. அடுத்த ஒட்டு, பசை காயுமுன் இழுத்துப் பார்த்ததில் பிரிந்து வந்தது. ஒருவழியாகக் கை பழகி, வரிசையாக ஒட்டி ஓட்டிப் பார்த்தால் தங்கையைக் காணோம். முக்காடு ஒன்றுதான் ஓடி வந்தது.

எரிச்சலில் முக்காட்டுத் துண்டுகளை எல்லாம் வெட்டி எறிந்தார். கால்களும் முதுகும் மிஞ்சின. வேறு வழியில்லாமல் அவற்றை வாசலில் நின்ற புஷ்பவள்ளியின் முகத்துக்கு அடுத்தபடியாக ஒட்டிப் பார்த்தவர், அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் போட்டார்.

ரயில் வந்து நின்றது. வாசலில் புஷ்பவள்ளி எட்டிப் பார்த்தாள். கண்கள் மலர்ந்தன. இரண்டு கால்கள் மடமடவென்று படி இறங்கின. கட்டம் போட்ட சேலை காற்றில் படபடக்க, செம்மண் சாலையில் அவள் ஓடினாள். வேலியைத் தாண்டி, பால்மரங்களைத் தாண்டி ஓடினாள். எதிரே வீரமுத்து வாய்கொள்ளாமல் சிரித்தான்.

படம் முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. புஷ்பவள்ளி கம்பை மடியில் வைத்துக்கொண்டு, வெறும் வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வீரமுத்து மூக்கை உறிஞ்சினான்.

"ஐயா," என்றாள் அவள் மெல்ல. "இன்னொரு தடவ போடுங்க."

மறுபடி போட்டார். மெஷின் ஓடிக்கொண்டிருக்க, பின்வரிசையில் நின்ற காளியம்மாவிடம் போனார். கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. என்னமோ என் நல்ல நேரம் தப்பிச்சேன், முகத்தைக் காட்டியிருந்தா நீயும் படத்துல இருந்திருப்பியே, ஏன் அப்படி அடம் பிடிச்சே என்று கேட்டார்.

திரையில் ஓடிக்கொண்டிருந்த அண்ணியிடமிருந்து கண்ணை எடுக்காமல் காளியம்மா சொன்னாள்:

"காட்டியிருந்தா நான்ல ஓடியிருப்பேன், ஐயா."