தொப்பி தேய்க்கும் விதம்

“கறுப்பு ஃபெல்ட் தொப்பியை எந்த பிரஷ்ஷால் சுத்தம் செய்யணும்?” சிம்லாவிலிருந்து ஒருவர் கேட்டார்.

கங்கைகொண்டானில், தொப்பிக் கம்பெனியின் கால்சென்டரில் இருந்த அஸீலா, “கறுப்புக் குதிரைமுடி பிரஷ் வாங்குங்க, சார். ஒரே பக்கமா பைய தேய்க்கணும்” என்றாள்.

மறுநாளும் அழைத்து அதையே கேட்டார். அதற்கு மறுநாளும்.

ஊர்ப்பேச்சு கூடாதென்று மேலாளர் கண்டித்ததால், நான்காம் நாள், “மெதுவாகத் தேய்க்கணும், சார்” என்றாள்.

“முன்னே வேற மாதிரி சொன்னீங்களே?”

“அதேதான் சார். தொப்பி இன்னுமா சுத்தமாகலை?”

“அது மொத நாளே சுத்தமாயிட்டு, தாயி. எனக்குத் திசையன்விளை. இருபது வருசமா ‘பைய’ன்னு சொல்ல இங்கன ஒரு ஆளில்ல.”

மேலாளர் திரும்பிப் பார்த்தார்.

“போனைப் பைய வைங்க, அண்ணாச்சி” என்றாள் அஸீலா.