சேற்றுக்குள் ஒளிந்த சிவப்புப் புழுக்கள்

ஆற்றில் சாக்கடை வந்து கலக்கும் இடத்தில் நான் வாழ்ந்தேன். நான் ஒரு சிவப்புப் புழு. அழுக்குதான் எனக்குச் சாப்பாடு. அவ்வப்போது ஒரு பெண் வலையோடு வருவாள். தண்ணீரில் என்னென்ன பூச்சி புழுக்கள் இருக்கின்றன என்று பார்த்தே ஆற்றின் உடம்பு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். வலையில் நாங்கள் மட்டும் நெளிவதைப் பார்த்து ஒவ்வொரு முறையும், "ஐயோ, ஆறு கெட்டுப்போச்சே" என்பாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "நம்மாலதான் ஆத்துக்குக் கெட்ட பேரு. எல்லாரும் சேத்துக்குள்ள ஆழமா ஒளிஞ்சுக்கோங்க" என்று என் கூட்டத்துக்கு உத்தரவு போட்டேன்.

"சும்மா இரு தம்பி" என்றாள் கரைக் கல்லில் ஒட்டியிருந்த நத்தை அக்கா. பெரிய ஆள் மாதிரி நான் அதைக் காதில் வாங்கவில்லை.

அடுத்த முறை வலை காலியாக மேலே போனது. பாராட்டுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"புழுகூடப் பிழைக்கலையே! ஆறு செத்தே போச்சு!" என்று அவள் கத்திக்கொண்டே ஊருக்குள் ஓடினாள்.

ஊரே திரண்டு வந்து சாக்கடையை அடைத்தது. மழை பெய்து தண்ணீர் தெளிந்தது. எங்கிருந்தோ தட்டான் குஞ்சுகள் வந்து கல்லுக்குக் கல் குடியேறின. எங்களுக்கு வயிறு காய்ந்தது.

"ஆத்தைக் காப்பாத்திட்ட தம்பி. சந்தோஷமா?" என்று கேட்டாள் நத்தை அக்கா.

"ரொம்ப" என்றேன். "பக்கத்துல வேற நாறுற ஆறு ஏதாவது இருக்கா அக்கா?"