எல்லாரும் போடுறதுதான்

வக்கீல் அறையில் மின்விசிறி சுற்றுகிறதே தவிர, காற்று யார் மேலும் படவில்லை. ஒரே நிறுவனத்தில் கடன் வாங்கிக் கார் எடுத்தவர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். கேட்காத ஆயுள் இன்சூரன்ஸைக் கடனோடு சேர்த்துத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று எல்லாருமாகச் சேர்ந்து வழக்குப் போடப் போகிறார்கள். முதல் கையெழுத்துப் போட வேண்டியவர் ஒரு டாக்சிக்காரர். அவர் கார் சாவியை இறுக்கிப் பிடித்திருப்பதில் அதன் பற்கள் உள்ளங்கையில் பதிகின்றன. “தோத்துட்டா வண்டியத் தூக்கிட்டுப் போயிடுவாங்களோ?” என்று மனைவியிடம் கிசுகிசுக்கிறார். “இப்ப மட்டும் அது நம்ம வண்டியா?” என்கிறாள் அவள், திரும்பாமலே. இளம் வக்கீலம்மா கேட்கிறார்: “இந்த இன்சூரன்ஸ் கட்டாயம்னு ஷோரூம்ல சொன்னாங்களாண்ணே?” “இல்லம்மா. அந்தத் தம்பி சிரிச்சுக்கிட்டே, ‘எல்லாரும் போடுறதுதாண்ணே’ன்னுச்சு. நானும் போட்டுட்டேன்.” “எங்கிட்டயும் அதேதான் சொன்னாங்க!” என்று பின்னாலிருந்து இரண்டு மூன்று குரல்கள் எழுகின்றன. வக்கீலம்மாவின் முகம் மலர்கிறது. அத்தனை பேரிடமும் சொன்ன அந்த ஒரே வார்த்தையில்தான் வழக்கே நிற்கிறது. சாய்ந்த வெயில் மேசைமேல் கிடக்கும் மனுவின் கடைசிப் பக்கத்தில் விழுகிறது. டாக்சிக்காரரின் பேனா முனை தாளைத் தொடாமல் மேலேயே தயங்குகிறது. கோர்ட் மூடும் நேரம். வக்கீலம்மா கடிகாரத்தைப் பார்க்கிறார், தாளை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளுகிறார், சிரித்துக்கொண்டே சொல்கிறார்: “சும்மா போடுங்கண்ணே. எல்லாரும் போடுறதுதானே.” பின்னாலிருந்த தலைகள் ஒன்றாக நிமிர்கின்றன. வக்கீலம்மாவின் சிரிப்பு போக இடம் தெரியாமல் முகத்திலேயே நிற்கிறது. டாக்சிக்காரர் பேனாவை மூடுகிறார். “மொதல்லேருந்து படிச்சுக் காட்டும்மா,” என்கிறார்.