அமைதிப் பெட்டி

"பன்னிரண்டு மணின்னுதானே சொன்னே? பன்னிரண்டரைன்னு உளறி வைக்கலையே?"

ஹானோவர் நடைமேடையில் சூட்கேஸை இழுத்துக்கொண்டு நடந்தபடியே போனில் கேட்டார் ஹார்ட்விக்.

"டாரியோ வீட்டுக்காரங்க எல்லாருக்கும் பன்னிரண்டுன்னுதான் சொல்லியிருக்கேன். பொய் சொல்ல எனக்கே கூசுதுப்பா" என்றாள் மகள் இம்கே. டுசெல்டார்ஃப் பதிவு அலுவலகத்தில் இன்று பன்னிரண்டரைக்கு அவளுக்கும் டாரியோவுக்கும் கல்யாணம்.

"கூசட்டும். இத்தாலிக்காரங்களுக்கு நேரமாவது, காலமாவது! பதிவாளர் அஞ்சு நிமிஷம் பார்ப்பார், அப்புறம் அடுத்த ஜோடியைக் கூப்பிட்டுடுவார். அந்தப் பையனோட அம்மா ஆடி அசைஞ்சு வர்றதுக்குள்ள உன் கல்யாணம் அம்போதான்."

"அவங்களை நீங்க பார்த்ததுகூட இல்லை. அவங்க என்னடான்னா, உங்க போட்டோவை ஃபிரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்காங்க. சரி, நீங்க நேரத்துக்கு வந்துடுங்க. நீங்க பக்கத்துல இல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன், ஆமா."

"நானா? என்னிக்கும்மா நான் லேட்டா வந்திருக்கேன்?"

பெர்லினில் ஏறிய பெட்டியில் பள்ளிப் பிள்ளைகளின் கூச்சல் தாங்க முடியவில்லை. அதனால்தான் இங்கே இறங்கி, ரயிலின் மறுகோடியில் இருந்த அமைதிப் பெட்டிக்கு மாறினார். போன் கூடாது, பேச்சு கூடாது. சத்தம் கேட்காமலிருக்கக் காதில் மெழுகை அடைத்துக்கொண்டு நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

அடுத்த நிறுத்தத்தில் ஓர் அம்மாள் மூச்சிரைக்க ஓடி வந்து எதிர் இருக்கையில் தொப்பென்று விழுந்தாள். பளபளக்கும் நீல உடை, கை நிறைய வளையல், மடியில் அட்டைப் பெட்டி. உட்காரும் முன்பே இரண்டு கையும் பேச ஆரம்பித்துவிட்டன.

இத்தாலிக்காரியேதான். சந்தேகமே இல்லை. ஹார்ட்விக் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு காதிலிருந்து மெழுகை எடுத்தார்.

"ஐயா... ரயில்... ரெண்டு..." அந்த அம்மாள் ஜெர்மன் மொழியோடு மல்லுக்கட்டினாள்.

"ஏம்மா, போர்டு கண்ணுக்குத் தெரியலை? இது அமைதிப் பெட்டி!"

அவள் விடவில்லை. அட்டைப் பெட்டியைத் திறந்து, வெள்ளைத் துணியில் முடிந்த சர்க்கரை பாதாமை நீட்டிச் சிரித்தாள். பேச்சு போதாதென்று தீனி வேறா? முகத்தைத் திருப்பிக்கொண்டார். உடனே அவள் போனை எடுத்து யாரையோ கூப்பிட்டு, பேசுங்கள் என்பதுபோல் அவர் காதருகே நீட்டினாள்.

"போனா? இங்கேயா? உங்க ஊர்ல ரயிலும் சந்தையும் ஒண்ணா இருக்கலாம். இங்க அப்படி இல்லை!"

பக்கத்து இருக்கைகளிலிருந்தெல்லாம் 'ஷ்ஷ்ஷ்' கிளம்பியது. அம்மாள் முகம் சிவந்து போனை அணைத்தாள். ஹார்ட்விக் வெற்றியோடு மெழுகைத் திரும்ப அடைத்துக்கொண்டார்.

ரயில் ஹாம் நிலையத்தில் நின்றது. யாரோ அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். கண்ணைத் திறந்தால், அந்த அம்மாள் அவருடைய சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு கதவை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள்!

"அடிப்பாவி! திருடி!"

பாய்ந்துபோய்ப் பிடுங்கினார். அவள் விட மறுத்தாள். இருவரும் இழுத்த இழுப்பில் பாதாம் முடிச்சுகள் தரையெங்கும் உருண்டன. கதவு மூடிக்கொண்டது. ரயில் நகர்ந்தது. அம்மாள் சீட்டில் சரிந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

'மாட்டிக்கிட்டதும் அழுகையா? நடிப்புக்குக் குறைச்சலே இல்லை' என்று எண்ணிக்கொண்டார். சூட்கேஸைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். மகளிடம் சொல்லிச் சிரிக்க நல்ல கதை கிடைத்துவிட்டது.

வெகுநேரம் கழித்து டிக்கெட் பரிசோதகர் வந்து தோளைத் தட்டினார். ஹார்ட்விக் மெழுகை எடுத்துவிட்டு டிக்கெட்டை நீட்டினார்.

"டுசெல்டார்ஃபா? ஹாம்லயே ரயிலை ரெண்டாப் பிரிச்சாச்சே ஐயா! முன்பாதிதான் டுசெல்டார்ஃப் போகுது. இது கொலோன் போற பாதி. மூணு தடவை அறிவிச்சோமே, காதுல விழலையா?"

"எனக்குப் பன்னிரண்டரைக்கு அங்க கல்யாணம் இருக்கே!"

"கொலோன் போய்த் திரும்பினா எப்படியும் ஒரு மணி ஆயிடும்."

அந்த நேரம் பார்த்து ஹார்ட்விக்கின் போன் அலறியது. பெட்டி முழுக்க 'ஷ்ஷ்ஷ்!' என்று சீறியது.

"அப்பா, எங்க இருக்கீங்க? டாரியோ வீட்டு ஆளுங்க எல்லாரும் பன்னிரண்டுக்கு முன்னாடியே வந்து நிக்கிறாங்க. உங்களையும் அவன் அம்மாவையும்தான் காணோம்!"

"அவங்க ஏன் இன்னும் வரலை?" என்று கேட்டார்.

"சரியான பாதியிலதான் உக்காந்திருந்தாங்களாம்ப்பா. ஹானோவர்ல நீங்க தப்பான பாதிக்கு மாறினதைப் பார்த்துட்டு, உங்களைக் கூட்டிட்டு வர்றேன்னு டாரியோகிட்ட போன்ல சொல்லிட்டு இறங்கி ஓடினாங்களாம்!"

ஹார்ட்விக் மெல்ல நிமிர்ந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் சம்பந்தியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உதட்டில் விரலை வைத்து, சுவரில் இருந்த போர்டைக் காட்டினாள்.