ஆறாம் எண்

கண்ணாடிக் குழாய்க்குள் அது துடித்துக்கொண்டிருந்தது.

நொடிக்கு ஒரு தரம். பிசகாமல்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் போனைக் காதில் வைத்தாள். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து செபஸ்தியான்.

"மேடம், காலையில ஒரு பீஸ் குடுத்தேன்ல? அந்த பேஷண்ட் போயிட்டாரு. மெஷினைக் கழட்டினதும் தாளம் தப்பிடுச்சு. ஷாக்கெல்லாம் குடுத்துப் பாத்தாங்க. ஒண்ணு நாப்பதுக்கு..."

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு இருபது.

குழாய்க்குள் அது துடித்தது.

காலை ஒன்பதரைக்கு இதே செபஸ்தியான்தான் ஐஸ் பெட்டியோடு வந்து நின்றான். "பார்சல் மேடம். ஒரு சிட்டிகை இதயம்!" அவளும் சிரித்துவிட்டாள்.

பைபாஸ் செய்யும்போது இதயத்தின் மேலறை நுனியில் கொஞ்சம் சதை வெட்டுப்படும். குப்பைக்குப் போக வேண்டியது. நோயாளி கையெழுத்துப் போட்டிருந்தால் அவளிடம் வரும். வெதுவெதுப்பான உப்புநீர், ஆக்சிஜன், துளி மின்சாரம். இவ்வளவு போதும், அரை நாள் தாங்கும்.

பெயர் வராது. எண் மட்டும்.

இது ஆறு.

முதல் ஐந்திலும் மருந்து வேலை செய்துவிட்டது. இதிலும் செய்தால் அவளுடைய நான்கு வருடம் கரையேறும்.

செல்லின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன. அட்ரினலின் வந்து தட்டும் கதவுகள். அளவுக்கு மீறித் தட்டினால் இதயம் தாளம் தப்பும். தன் போக்கில் அடித்துக்கொள்ளும். ஆளையே கொண்டுபோய்விடும்.

அவளுடைய மருந்து, அந்தக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள்.

சற்று முன்தான் குழாயில் அட்ரினலின் விட்டிருந்தாள். மருந்து ஊசியில் தயாராக இருந்தது.

யாரோ கதவைத் தட்டினார்கள்.

சாம்பல் நிற முக்காடு போட்ட ஒரு அம்மா. கையில் எவர்சில்வர் டப்பா. இப்போதுதான் கழுவியிருக்க வேண்டும், விளிம்பில் நீர் சொட்டியது.

"அவரோடது கொஞ்சம் உங்ககிட்ட இருக்காமே. நர்ஸ் பொண்ணு சொல்லுச்சு."

அவள் கண் குழாயின் பக்கம் போனது.

"கபுருல அடக்கும்போது கொறையா வைக்கக் கூடாதும்மா. குடுத்துடுங்க. விடிஞ்சதுலேருந்து இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம்னே உக்கார வெச்சாங்க. இனிமே என்ன நேரம்?"

இந்த அம்மாவின் கணவர் கையெழுத்துப் போட்ட படிவத்தில் ஒரு வரி உண்டு. எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அதை எழுதியதே அவள்தான்.

பத்து நிமிடம் கேட்கலாம். ஒரே ஒரு சொட்டு. இந்த அம்மா மறுக்கப்போவதில்லை.

அதனாலேயே கேட்கவில்லை.

"உக்காருங்கம்மா. எடுத்துட்டு வரேன்."

உள்ளே வந்தாள். ஊசியைத் தள்ளி வைத்தாள். நோட்டில் ஆறாம் எண்ணைக் குறுக்கே அடித்தாள்.

குழாய்க்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தினாள்.

திரையில் கோடு படுத்தது.

இடுக்கியைக் கையில் எடுத்தாள்.

கோடு எழுந்தது.

ஒரு தரம்.

இடைவெளி விட்டு, இன்னொரு தரம்.

சுவிட்சைப் பார்த்தாள். அணைந்துதான் இருந்தது. பிளக்கையே பிடுங்கினாள்.

மறுபடியும் துடித்தது. தாளமில்லாமல். தன் போக்கில்.

அட்ரினலின். வேறொன்றுமில்லை. வருடா வருடம் அவளே வகுப்பில் சொல்வதுதான். அவள் மருந்து நிறுத்த வேண்டியதும் இதைத்தான்.

ஒரு சொட்டு போதும். சோதனையும் முடியும். டப்பாவிலும் போட்டுக் கொடுத்துவிடலாம்.

கை ஊசி வரைக்கும் போனது.

வெளியே டப்பாவின் மூடியைத் திறக்கும் ஓசை. ஊசியைத் தொடாமலே கையை இழுத்துக்கொண்டாள்.

அவள் கதவைப் பாதி திறந்தாள். எவ்வளவோ தேடியும் வேறு வார்த்தை அகப்படவில்லை.

"இன்னும்... கொஞ்ச நேரம்மா."

அந்த அம்மா அவள் முகத்தையே பார்த்தார்.

ஏன் என்று கேட்கவில்லை.

டப்பாவை மெல்ல மூடி மடியில் வைத்துக்கொண்டார், காலையில் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்ததைப் போல.